நளன் ஊரில் ஒரு பந்து

காரைக்காலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, திருநள்ளாற்றுக்கு நிச்சயம் போயிருப்பீர்கள். சனிப்பெயர்ச்சி என்று வந்தால், வீட்டில் யாராவது ஒருவருக்கு ஏழரையோ அஷ்டமமோ இல்லாமலா போகும்? தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு நளதீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட்டு, எள் தீபம் ஏற்றி, வந்த வண்டியிலேயே கும்பகோணம் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஐந்தே கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால் காரைக்கால் பட்டணம் இருக்கிறது. அதையும் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் கடல் இருக்கிறது. அடுத்த முறை அந்த ஏழு கிலோமீட்டரையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாருங்களேன்!

காரைக்கால் ஒரு விசித்திரமான ஊர். பூகோளப் படத்தில் பார்த்தால் தஞ்சை வளநாட்டின் ஓரத்தில், தமிழ்நாட்டு மாவட்டங்களின் மடியிலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சர்க்கார் கணக்குப்படி அது தமிழ்நாடு அல்ல. நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வடக்கே இருக்கும் புதுச்சேரியைச் சேர்ந்தது. மாகியும் ஏனாமும் அதன் மற்ற இரண்டு உடன்பிறப்புகள். ஒன்று கேரளத்துக்குள்ளே, இன்னொன்று ஆந்திரத்துக்குள்ளே. தாய் ஓர் இடம், பிள்ளைகள் மூன்று இடம் என்று சிதறிப்போன குடும்பம் மாதிரி.

தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. நடுநடுவே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ல் முடிந்தது. இன்றைக்கும் தெருமுனையில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரரைப் பார்த்தால், 'அட, பிரெஞ்சு வாசனை இன்னும் போகவில்லையே!' என்று தோன்றும். பாரீஸில் அண்ணன், காரைக்காலில் தம்பி என்று இருக்கிற குடும்பங்களும் இங்கே உண்டு.

மொத்தப் பரப்பு நூற்று அறுபது சதுர கிலோமீட்டர் சுமார். இந்தச் சின்ன இடத்துக்குள் வீடு இழந்தவர்களின் கதைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

முதல் கதை நளனுடையது. சூதாட்டத்தில் நாட்டை இழந்தான், வீட்டை இழந்தான், கட்டிய துணியையும் இழந்து, மனைவியின் புடவையில் பாதியைக் கிழித்துக்கொண்டு காட்டிலே அவளைத் தனியே விட்டுவிட்டு நடந்தான். உருவமும் மாறிப்போயிற்று. சக்கரவர்த்தி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அயோத்தியில் இருதுபன்னன் அரண்மனையில் வாகுகன் என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்தான்.

திருநள்ளாற்றில் சனி விலகியதைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்ட பாட்டிமார்களுக்கு இன்னொன்றும் தெரியும். நளனிடம் இரண்டு கைவேலைகள் மிச்சம் இருந்தன. ஒன்று, தேர் ஓட்டுவது. மற்றொன்று சமையல். ஒரே நாளில் விதர்ப்ப நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இருதுபன்னன் தவித்தபோது, அதற்கு வாகுகனை விட்டால் வேறு ஆள் இல்லை. அங்கே போன பிறகு, அவன் சமைத்ததை வரவழைத்து வாயில் வைத்துப் பார்த்துத்தான், 'இது அவர் கைதான்' என்று தமயந்தி கண்டுகொண்டாள். நளபாகம் என்று நாம் சும்மாவா சொல்கிறோம்! எல்லாம் போன மனிதனை மறுபடியும் மனிதனாக்கியது எது? 'நீ இல்லாமல் நடக்காது' என்று ஒருவருக்கு அவன் தேவைப்பட்டதுதான்.

இரண்டாவது கதை காரைக்கால் அம்மையாருடையது. வணிகர் குலத்துப் புனிதவதி, மாம்பழத்தினால் வந்த அதிசயத்தில் கணவன் அஞ்சி விலகிப்போக, இல்லற வாழ்வே இல்லாமல் போனவள். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்ட கணவன், பெண் குழந்தைக்கு அவள் பெயரையே வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு வந்து காலில் விழுந்தான். விழுந்தானே தவிர, வீடு திரும்பவில்லை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் இன்றும் மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். தெருவெல்லாம் கைகள் நீளுகின்றன. மாம்பழத்தால் இல்லறத்தை இழந்த பெண்ணை, மாம்பழத்தாலேயே ஊர் முழுக்கக் கொண்டாடுகிறது பாருங்கள்!

மூன்றாவது கதை புராணம் அல்ல. அது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது.

* * *

காரைக்கால் கடற்கரையில், அரசலாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று வடக்கேயும் தெற்கேயும் பாருங்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, பட்டினச்சேரி என்று மீனவர் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பல பெயர்கள் 'மேடு' என்று முடிகின்றன. ஆனால் அன்றைக்குக் கடல் மேடென்றும் பள்ளமென்றும் பார்க்கவில்லை. சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்த சில மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை இந்தக் கரையில் ஏறியது. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இருபது கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டின மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். போனவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த துக்கம். ஆண்களில் பலர் படகில் நடுக்கடலில் இருந்தார்கள். ஆழத்தில் அலை தெரியவே இல்லை. கரையில் வலையையும் மீனையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள்.

பிறகு வீடு கட்டும் வேலை தொடங்கியது. முதலில் தார்த் தகடு வேய்ந்த கொட்டகைகள். சித்திரை வெயிலில் அதற்குள் உட்கார முடியுமா? பிறகு கடலை விட்டுத் தள்ளி, காங்கிரீட் வீடுகள். தமிழ்நாட்டுப் பகுதியில் அந்த வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதிக் கொடுத்தார்கள் என்பது நாம் மெச்ச வேண்டிய சங்கதி.

ஆனால் நேயர்களே, நம் வீடுகளில் யோசித்துப் பாருங்கள். வீடு என்பது நாலு சுவரா? 'ஏன் இவ்வளவு நேரம்?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால்தான் வீடு. சாவியைக் கையில் கொடுத்துவிடலாம். அந்தக் கேள்வியைக் கேட்பவரைக் கட்டிக் கொடுக்க எந்த இஞ்சினீயராலும் ஆகாது. அலையில் தாயைப் பறிகொடுத்த குழந்தைக்குப் புதுவீட்டில் மின்சார விளக்கு எரிந்தது. கடலைப் பார்த்தால் மட்டும் உடம்பு நடுங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து மனநல மருத்துவர்கள் நாகைப் பக்கம் வந்து, உள்ளூர் ஆட்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? மருந்து மாத்திரையை அல்ல, குழந்தைகளைக் கூட்டி வைத்து விளையாட விடுவதை. படம் வரையட்டும், பாடட்டும், ஓடட்டும் என்றார்கள்.

ஓடுவது என்றால் மணலில் ஓடுவதற்கு இரண்டு கால் போதும். கூட ஒரு பந்து இருந்தால், ஓடுவதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது.

* * *

இப்போது காரைக்காலிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறுங்கள். தரங்கம்பாடி வரும், டேனிஷ்காரர்களின் கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. சீர்காழி, கொள்ளிடத்துப் பாலம், சிதம்பரம் எல்லாம் கடந்து கடலூருக்குப் போய்ச் சேரலாம். அலை அங்கேயும் விட்டுவைக்கவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்கள், ஆயிரக்கணக்கான வீடுகள்.

அந்தக் கடலூரில் மாரியப்பன் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். சுனாமியில் பெற்றோரை இழந்த பெண்களும், கூலிவேலை செய்யும் குடும்பத்துப் பெண்களுமாகச் சேர்த்துக்கொண்டு அவர் மைதானத்தில் இறங்கினார். பெண்களுக்கா கால்பந்து? அரை நிஜாரா? வெயிலில் கறுத்துப்போனால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்காத தெரு நம் நாட்டில் எங்கே இருக்கிறது! சொந்த மகளை அனுப்புவதற்கே ஆயிரம் யோசனை செய்கிற ஊரில், யாருமற்ற பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவளுக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்களே அதிகம்.

ஆனால் பந்து ஒரு காரியம் செய்தது. விடிவதற்குமுன் எழுந்திருக்க வைத்தது. இன்றைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கப் பத்துப் பேரைக் கொடுத்தது. இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அங்கே உருவான அணி, 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் போட்டியில் போய் ஆடியது. கடலூர் மணலுக்கும் மேகாலயத்து மலைக்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே 2018 பிப்ரவரியில் இன்னொரு செய்தி. கட்டாக் நகரில் நடந்த பெண்கள் தேசியக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு, மணிப்பூரைச் சந்தித்தது. மணிப்பூர் என்றால் சாதாரணமா? பெண்கள் கால்பந்தில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே கோப்பை காய்த்துத் தொங்கும். அவர்களை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் தடவையாகச் சாம்பியன் ஆயிற்று. அந்த அணியில் கடலூர் மைதானத்தில் வளர்ந்த பெண்கள் பலர். 2023-ல் அமிருதசரஸில் தமிழ்நாடு இன்னொரு முறையும் வென்றது.

கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020-ல் கொரோனா நாட்களில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, சென்னைத் தெருவில் காக்கி உடுப்பில் நின்று கடமை பார்த்தார். பந்தினால் என்ன லாபம் என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லலாம். விளையாட்டுக்கென்று அரசாங்க வேலையில் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் இடம் உண்டு. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு அந்தச் சான்றிதழ் நகைப் பெட்டியை விடப் பெரிய சீதனம்.

* * *

கடலூரோடு கதை நிற்கவில்லை. இது உலகம் சுற்றிய கதை.

நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே விளையாட்டு ஆசிரியராக இருந்தவர் விஜய் பார்ஸே. 2001-ல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், சேரிப் பையன்கள் சிலர் உடைந்த வாளி ஒன்றை உதைத்து உதைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அடுத்து நிஜப் பந்தைக் கொடுத்து, சேரிகளுக்கென்றே ஒரு போட்டி வைத்தார். 'ஸ்லம் சாக்கர்' என்ற அமைப்பு அதிலிருந்து முளைத்தது. 2016-ல் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா அதற்கு விருது கொடுத்தது. 2022-ல் இந்தக் கதையை ஒட்டி 'ஜுண்ட்' என்ற ஹிந்திப் படம் வந்தது. அமிதாப் பச்சன் அந்த ஆசிரியராக நடித்தார்.

பார்ஸே வாளியைப் பார்த்த அதே 2001-ல், தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு மாநாடு. வீடற்றவர்கள் தெருவில் விற்றுப் பிழைப்பதற்காகவே நடத்தப்படுகிற பத்திரிகைகள் மேல்நாடுகளில் உண்டு. அவற்றை நடத்துகிறவர்கள் கூடிய மாநாடு அது. ஸ்காட்லாந்துக்காரர் மெல் யங், ஆஸ்திரியாக்காரர் ஹெரால்டு ஷ்மீட் இருவரும் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு யோசனை உதித்தது. வீடற்றவர்களுக்கு ஒரு பொது பாஷை வேண்டுமே! கால்பந்தை விட்டால் எது? 2003-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்துச் சதுக்கத்தில் பதினெட்டு நாடுகள் கலந்துகொண்ட முதல் 'வீடற்றோர் உலகக் கோப்பை' நடந்தேறியது.

ஆட்டத்தின் விதிகளைக் கேளுங்கள். கால்பந்து தெரியாதவர்களுக்கும் சுவையாக இருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர் கிடையாது, நாலே பேர். பெரிய மைதானமும் வேண்டாம். இருபத்திரண்டு மீட்டர் நீளம், பதினாறு மீட்டர் அகலம். நம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏழு நிமிஷம், மறுபடி ஏழு நிமிஷம், ஆட்டம் முடிந்தது. ஒரு பால்குக்கர் விசில் அடிப்பதற்குள் இரண்டு கோல் விழுந்துவிடும்! ஒளிந்துகொள்ள இடமில்லாத ஆட்டம். நாலு பேரில் ஒருவர் சோர்ந்தால் மற்ற மூவருக்கும் உடனே தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று. அங்கே ஓர் ஆட்டக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஆடலாம். அடுத்த வருஷம் அவர் இடத்தில் வேறொருவர். ஏன்? இது தங்குகிற சத்திரம் அல்ல. ஏறிப் போகிற படிக்கட்டு. வீடற்றவர் என்ற பட்டத்தை ஒருவர் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டுமா, என்ன? 2008-ல் மெல்போர்னில் பெண்களுக்கென்று தனிக் கோப்பையும் வந்தது. 2011-ல் போட்டி நடந்த இடம் பாரீஸ். ஈபில் கோபுரத்துக்கு எதிரே உள்ள புல்வெளி. காரைக்கால்காரர்கள் உறவினரைப் பார்க்கப் போனால் படம் எடுத்துக்கொள்கிற அதே இடம்! உலகத்துச் சீமான்கள் உலாவுகிற அந்தப் புல்வெளியில், முந்திய வருஷம் வரை பாலத்தடியில் படுத்தவர்கள் தத்தம் நாட்டுச் சட்டையை அணிந்து நின்றார்கள். நாகபுரி அமைப்பின் வழியாக இந்திய அணிகளும் இந்தப் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நம் சென்னைக்கு வாருங்கள். வடசென்னையில் 1995 முதல் தெருக் குழந்தைகளுக்காக நடந்துவரும் கருணாலயா என்ற இல்லம். அங்கிருந்து பெண்கள் அணி ஒன்று 2018-ல் மாஸ்கோவில் நடந்த தெருக் குழந்தைகள் உலகக் கோப்பைக் கால்பந்துக்குப் போயிற்று. 2019-ல் அந்த இல்லத்துப் பிள்ளைகள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், பையன்களும் பெண்களும் கலந்து ஆடிய தெருக் குழந்தைகள் கிரிக்கெட்டில், இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்துக் கோப்பையோடு வந்தார்கள்.

இதிலே ஒரு நுட்பம் கவனித்தீர்களா? மாஸ்கோ போக வேண்டுமானால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும்? பிறந்த தேதிக்கு அத்தாட்சி, விலாசத்துக்கு அத்தாட்சி. நடைபாதையில் பிறந்த குழந்தைக்கு எது விலாசம்? எந்தக் கம்பத்தின் எண்ணை எழுதுவது? பள்ளிக்கூடத்தில் சேர, ரேஷன் வாங்க, ஆஸ்பத்திரியில் காட்ட என்று எதற்கும் கிடைக்காத காகிதம், பந்து ஆடப் போக வேண்டும் என்றவுடன் நாலு பேர் அலைந்து வாங்கித் தரும்படி ஆகிறது. வாங்கிய பின், ஆட்டம் முடிந்தாலும் காகிதம் கையில் இருக்கிறது. இந்த உலகக் கோப்பைகளை நடத்துகிறவர்களும் கோப்பையைவிட இதையே பெரிதாகப் பேசுகிறார்கள்: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயர், ஓர் அத்தாட்சி.

* * *

'பந்து உதைத்தால் வீடு வந்துவிடுமா?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. வராது. காங்கிரீட்டும் பட்டாவும் கூலியும் சேர்ந்தால்தான் வீடு வரும். அலையில் படகு போனவனுக்குப் படகுதான் வேண்டும், பந்து அல்ல. விமானத்தில் போய் ஆடிவிட்டு, கைதட்டலும் படமும் முடிந்து, பழைய நடைபாதைக்கே திரும்புகிற ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த அமைப்புகள் போட்டியோடு நிறுத்துவதில்லை. படிப்பு, தொழில், தங்க இடம், குடியை விடுவதற்கு உதவி என்று பந்தின் பின்னாலேயே ஓடுகின்றன. ஆட வருகிறவர்களிலேயே சிலரைப் பயிற்சியாளராக்கி, அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்கின்றன.

ஆனால் வீட்டுக்கு முந்தி ஒன்று வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் படுக்கிற ஒரு பையனின் காதில் நாள் முழுக்க விழுகிற வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். 'ஏய்!', 'தள்ளு!', 'எழுந்து போ!' இவ்வளவுதானே? அவன் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அதே பையன் மைதானத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிஷத்தில், மூன்று பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள்: 'இங்கே கொடுடா!' என்று. அவனிடம் ஏதோ இருக்கிறது. அது இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது. வாகுகன் தேர்த்தட்டில் ஏறிக் குதிரையின் கடிவாளத்தைக் கையில் வாங்கிய நிமிஷம் அதுதான்.

மறுநாளும் போக வேண்டுமே என்று அவன் சீக்கிரம் படுக்கிறான். கால் ஓட வேண்டுமே என்று பீடியைக் குறைக்கிறான். விசில் ஊதினால் நிற்கப் பழகுகிறான். கோபம் வந்தால் கையை ஓங்காமல் இருக்கப் பழகுகிறான். ஓங்கினால் வெளியே உட்கார வைத்துவிடுவார்களே! தோற்றாலும் எதிரியின் கையைக் குலுக்கிவிட்டு வருகிறான். இவையெல்லாம் வேலைக்குப் போகிற இடத்திலும், கல்யாணம் செய்துகொண்ட பின் வீட்டிலும் வேண்டிய குணங்கள்தாமே? நாம் நம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேளையில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறவற்றை, சொல்ல ஆளில்லாத பிள்ளைகளுக்கு ஒரு தோல் பந்து சொல்லிக் கொடுக்கிறது.

பெண்களுக்கு இன்னும் ஒரு படி அதிகம். வீடு இழந்த ஆணுக்குத் தெரு ஆபத்து. வீடு இழந்த பெண்ணுக்குத் தெரு, இருட்டு, இரக்கம் காட்டுவது போல் வருகிறவர் எல்லாமே ஆபத்து. அவளுக்கு ஓர் அணி என்பது பத்துச் சகோதரிகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வரவில்லை என்றால் தேடிக்கொண்டு வர ஒரு கூட்டம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தாலே, பாதி ஆபத்து விலகிவிடும். தன் உடம்பு தனக்குச் சொந்தம், அது பலமுள்ளது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

* * *

சரி, காரைக்காலுக்குப் போகிற உங்களுக்கு என் சிபாரிசு இதுதான். காலையில் திருநள்ளாறு. பிறகு அம்மையார் கோயில். பாரதியார் வீதியில் இருக்கிறது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறுபத்து மூவர் வரிசையில் எல்லோரும் நிற்க, அம்மையார் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார், மறக்காமல் கவனியுங்கள். மஸ்தான் சாகிப் தர்காவும் பட்டணத்திலேயே இருக்கிறது. மத்தியானம் நல்ல மீன் சாப்பாடு. சைவர்களுக்குக் காவிரிக்கரைக் காய்கறி.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போங்கள். கலங்கரை விளக்கைப் பார்த்துவிட்டு, அரசலாற்று முகத்துவாரம் வரை காலாற நடங்கள். ஈர மணலில் பையன்கள் பந்து ஆடுவதைக் காணலாம். செருப்பு இரண்டை நட்டுவைத்து அதுதான் கோல் என்று வைத்துக்கொண்டிருப்பார்கள். கடல் பக்கமாகப் பந்து போனால் ஒருவன் சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் ஓடுவான். அலைக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களுடைய தாய்மாரில் எத்தனை பேர் அன்றைக்குச் சிறுமிகளாக இதே மணலில் ஓடியிருப்பார்கள்! அந்தக் கடலுக்குள் ஒரு பிள்ளை பயமில்லாமல் இறங்கிப் பந்தை எடுத்து வருகிறான் என்றால், இந்தக் கரை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு செய்வதற்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் பேட்டைகளில் காலி மனை என்று ஒன்று மிஞ்சியிருந்தால், அதில் சாயங்காலம் யார் யாரோ வந்து பந்து ஆடுவார்கள். எதிர்வீட்டுப் பையனும் இருப்பான். மீன்காரம்மா மகனும் இருப்பான். எங்கே படுக்கிறான் என்று யாருக்கும் தெரியாத ஒருவனும் இருப்பான். 'சத்தம் தாங்கவில்லை' என்று அந்த மனைக்கு முள்வேலி போடச் சொல்லிச் சங்கத்தில் மனு எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மூன்றாமவனுக்கு அது மைதானம் மட்டும் அல்ல. அவன் பெயர் அழைக்கப்படுகிற ஒரே இடம்.

பந்து ஒரு நாள் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் வந்து விழும். வடகம் காய்கிற தட்டின் மேலேயே விழுந்தாலும் விழும்! கேட்க வருகிறவன் கதவருகே தயங்கி நிற்பான். திட்டுவதானால் இரண்டு வார்த்தை திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பந்தைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது, 'உன் பேர் என்னப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். அடுத்த தடவை பந்து விழும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வசதியாக இருக்கும்.